தலைச்சுமைக்கு வழிவிட்ட வண்டி

தஞ்சாவூர்ச் சீமையில் பள்ளத்தாக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரே எந்தப் பக்கம் ஓடலாம் என்று யோசித்து ஓடுகிற சமதளம் இது. ஆனாலும் திருவையாற்றுக்குச் சற்றுக் கிழக்கே, காவிரிப் படுகையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பலகை நிற்கிறது. 'பள்ளத்தாக்கு சவாரி. குவாட் பைக். புதியவர்களும் ஓட்டலாம். வழிகாட்டி உடன் வருவார்.' வைத்தவர் ஜாபிர் பாய். துபாய்ப் பாலைவனத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு நாலு சக்கர பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஊர் திரும்பும்போது தொழிலையும் கையோடு கொண்டுவந்தவர். ஆறு எந்தக் காலத்திலோ கைவிட்ட பழைய கிளை ஒன்று இரண்டு கரைகளுக்கும் நடுவில் பள்ளமாக, மூங்கில் மண்டிக் கிடந்தது. பட்டா வைத்திருந்தவரிடம் பேசி அதை எடுத்துக்கொண்டு, கூசாமல் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்துவிட்டார். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருகிறார்கள், சிரித்துக்கொண்டே போகிறார்கள். யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பள்ளத்தாக்குக்குத்தான் போன ஐப்பசியில் ஞானாம்பாள் போனாள், மகனும் மருமகளும் ஓட்டும்போது பைகளைப் பார்த்துக்கொள்வதற்காக.

ஞானாம்பாள் பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பிறந்தவள். துரைராசுவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கண்டியூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊருக்கு வந்தபோது நெல்லைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தென்னைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் மரம் பாட்டுக்கு நிற்கும். நெல் அப்படி நிற்காது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போய் முகத்தைக் காட்டாவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்பாள் அவள். மடையைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும், நண்டு வளை பார்க்க வேண்டும், எலி வளை பார்க்க வேண்டும். துரைராசு நல்ல மனிதர், ஆனால் மகா சோம்பேறி. அதனால் அவர் இருந்த காலத்திலேயே ஒன்பது மா நிலத்தின் வெள்ளாமையும் அவள் கைக்கு வந்துவிட்டது. ஏக்கர் கணக்கில் சொன்னால் மூன்று. அவர் போன பிறகு அவள் தனியாக சாகுபடி செய்கிறாள் என்று ஊரே ஆச்சரியப்பட்டது. அவளுக்கு அதில் புதிதாக எதுவும் தெரியவில்லை.

வினை முட்டியில் வந்தது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன என்றார் டாக்டர். சிமெண்டுத் தரையில் கம்பை ஊன்றி நடந்துவிடுவாள். வரப்பில், வாய்க்கால் கரையில், ஈர மண்ணில் முடியாது. வீட்டுக் கொல்லையில் தொடங்கி வாய்க்கால் கரையோடு போனால் அரை மைல் தூரத்தில் வயல். அந்த அரை மைல் அவளுக்கு வேறு மாவட்டமாகிவிட்டது. டிவிஎஸ் ஃபிப்டியில் யாராவது பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனால்தான் உண்டு. மற்ற நாட்களில் ஆட்கள் கைபேசியில் அனுப்பும் படத்தைப் பார்த்தே வெள்ளாமை நடந்தது. போன வருஷம் ஆனைக்கொம்பன் பூச்சி விழுந்து குருத்தெல்லாம் வெங்காயத்தாள் மாதிரிக் குழலாகிப் போனதை எந்தப் படமும் அவளுக்குச் சொல்லவில்லை. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. களத்தில் அளந்த கண்டுமுதல் பாதிதான்.

மகன் சூர்யபிரகாஷுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பூனாவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், மனைவி வானதியோடு லீவுக்கு வந்திருந்தான். வந்த அன்றே சாப்பாட்டு இலைக்கு முன்னால் பேச்சை எடுத்தான்.

"நாகநாதன் அண்ணன் நிலத்தைக் குத்தகைக்குக் கேக்கறாங்கம்மா. தை அறுப்பு முடிஞ்சதும் குடுத்துடுவோம்."

நாகநாதன் பக்கத்து ஆறு மாவுக்குச் சொந்தக்காரன். திருவையாற்றில் உரக்கடை வைத்திருக்கிறான். தன் வயலையே தீபாவளிக்குத் தீபாவளி எட்டிப் பார்க்கிற ஆள்.

"அவனுக்கா?" என்றாள் ஞானாம்பாள்.

"யாருக்கோ. வயலைப் பாக்காம வெள்ளாமை பண்ண முடியாதும்மா. இதை எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான்."

"நான் பாக்கலைன்னு யாருடா சொன்னது?"

"உன் முட்டி சொல்லுது."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மகன் கெட்டவன் இல்லை. அக்கறையில்தான் சொன்னான், அது அவளுக்கும் தெரியும். அக்கறையோடு சொன்னதால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. கழுவிய கையைத் துடைக்காமலேயே கேட்டாள்.

"சரிடா. யார் துணையும் இல்லாம நான் தனியா வயலுக்குப் போயிட்டு வந்துட்டா?"

"போயிட்டு வா. அப்புறம் நான் வாயைத் திறக்கல. நாகநாதன் அண்ணங்கிட்ட நானே போன்ல சொல்லிடறேன். இல்லன்னா திங்கக்கிழமை அவங்க வெத்தில பாக்கோட வருவாங்க, நீ சரின்னு சொல்லிடணும்."

அவளால் முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் சரியென்று சொல்லிவிட்டாள். தோற்பதாக இருந்தாலும் வாயால் தோற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

சனிக்கிழமை வானதி வேளாங்கண்ணிக்குப் போய்க் கடல் பார்க்கலாம் என்றாள். மழை வரும் போலிருந்ததால் தூரப் பயணம் வேண்டாம் என்று சூர்யா திருவையாற்றுப் பள்ளத்தாக்குக்கு வாடகைக் காரைத் திருப்பினான்.

படுகையில் நாலு வண்டி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் நாலு தடித்த சக்கரம், பைக்கில் இருப்பது போல நீளமான இருக்கை, கைப்பிடி. வழிகாட்டி எழில்மொழி என்ற பெண். பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இந்தச் சுற்று வட்டாரத்தில் நட்டும் அறுத்தும் வளர்த்த பிள்ளை. டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு பருவம் அறுவடை இயந்திரம் ஓட்டினாள், அப்புறம் ஜாபிர் பாயிடம் வந்து சேர்ந்தாள். சிரித்த முகம்தான், ஆனால் விதி என்று வந்துவிட்டால் கலெக்டரே வந்தாலும் கண்டிப்பாள்.

"எல்லாரும் என் பின்னால ஒரே வரிசைல வரணும். முந்தக் கூடாது. நான் கையைத் தூக்கினா நிக்கணும். இந்த ரிமோட்ல எந்த வண்டியையும் என்னால நிறுத்த முடியும். சொல்றதைக் கேக்கலன்னா நிறுத்திடுவேன், கோச்சுக்கக் கூடாது."

"நீ நெழல்ல உக்காந்து பையைப் பாத்துக்கம்மா" என்றான் சூர்யா.

ஞானாம்பாள் உட்காரவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். சக்கரத்தைக் கம்பால் தட்டிப் பார்த்தாள்.

"பாப்பா, இதுல காலுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லம்மா. சும்மா பலகைல வெச்சிருந்தாப் போதும். பிரேக்கு கைல. ஆக்ஸிலேட்டர் கட்டைவிரல்ல."

"சாஞ்சிடுமா?"

"நாலு சக்கரம்மா. நீங்க நின்ன வண்டில தூங்கினாலும் அது பாட்டுக்கு நிக்கும்."

ஞானாம்பாள் கால் வைக்கும் பலகையைக் கம்பால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அவள் முட்டிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தாள். முட்டியே வேண்டாத வழி ஒன்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"எனக்கும் ஒரு வண்டி குடு" என்றாள்.

சூர்யா தலையில் கை வைத்துக்கொண்டான். வானதி மட்டும், "ஓட்டட்டுமே, அத்தைக்கும் ஆசையா இருக்காதா?" என்றாள். எழில்மொழி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டச் சொல்லி, ஹெல்மெட்டை மாட்டி ஏற்றிவிட்டாள்.

முதலில் காய்ந்த திடலில் பழைய டயர்களைச் சுற்றிப் பழக்கினாள். ஞானாம்பாள் கட்டைவிரலை அழுத்திய அழுத்தில் வண்டி பாய்ந்து ஒரு டயரை முட்டித் தள்ளியது. "வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவற மாதிரிம்மா, அவ்வளவுதான்" என்றாள் எழில்மொழி. அதன் பிறகு பிடிபட்டுவிட்டது. உண்மையில் அன்று அதிகம் திட்டு வாங்கியவன் சூர்யாதான். டிவிஎஸ் ஃபிப்டியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு எங்கே வேகம் குறைந்தாலும் கால் தானாகத் தரைக்குப் போய்விடும். "சார், காலைத் தூக்குங்க! பின்சக்கரம் குதிகால்ல ஏறிடும்!" என்று எழில்மொழி கத்திக்கொண்டே இருந்தாள். ஞானாம்பாளுக்கு வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாததால் கெட்ட பழக்கமும் இல்லை.

பிறகு சவாரி. முன்னால் எழில்மொழி, அடுத்து சூர்யா, மூன்றாவதாக ஞானாம்பாள், கடைசியில் வானதி. வாழைகளுக்கு நடுவே போய், கரையேறி, ஜாபிர் பாயின் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார்கள். சமதளத்திலேயே வாழ்ந்தவளுக்கு அந்தச் சின்ன இறக்கமே மலையிறக்கமாகத் தெரிந்தது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே மூங்கில் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்டிருந்தது. ஈர மண் வாசனையும் வாழைப்பூ வாசனையும் சேர்ந்து வந்தன. யார் தோளையும் பிடிக்காமல், யாரும் கூப்பிடும்வரை காத்திருக்காமல், அவள் விரும்பிய வேகத்தில் அவளே போய்க்கொண்டிருந்தாள். சந்தோஷம் தாங்காமல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சத்தம் போட்டுச் சிரித்தாள்.

பள்ளத்திலிருந்து ஏறியதும் நடவு வயல்களுக்கு ஊடே அகலமான ஒரு வரப்பு. டிராக்டர் போகிற வழி. ஒரு பக்கம் வயலில் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். மறு பக்கம் பரம்படித்துச் சமமாக்கி நடவுக்குத் தயாராக, தண்ணீர் பளபளக்கக் கிடந்தது. முதல் இரண்டு வண்டிகளும் கடந்த பிறகு, ஒரு பெண் நாற்று முடிகளை அன்னக்கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலிலிருந்து வரப்பில் ஏறி எதிரே வந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வரப்பில் எதிரே தலைச்சுமை வந்தால், அது யாராக இருந்தாலும், வெறுங்கையோடு வருகிறவர்தான் வயலில் இறங்கி வழி விட வேண்டும். மிராசுதாரரானாலும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்குவார். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகச் செய்துவிடும்.

ஞானாம்பாளுக்கும் தானாகத்தான் நடந்தது. சுமையைப் பார்த்தாள். வழி விட்டாள். வண்டியோடு.

வண்டி வரப்பிலிருந்து சரிந்து சேற்றில் தொபுக்கென்று விழுந்து, நாலு சக்கரமும் பாதி அமிழ நின்றது. எழில்மொழி திரும்பிப் பார்த்த அதே கணத்தில் ரிமோட்டை அழுத்தினாள். என்ஜின் அணைந்தது. சுமையோடு நின்ற பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஆத்தாடி! வண்டியோட வழி வுட்டுட்டாங்களே!"

நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சூர்யா வெள்ளை ஷூவோடு சேற்றில் இறங்கி ஓடி வந்தான்.

"அடி பட்டுச்சாம்மா? போதும். இறங்கு. ரெண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி வெச்சுடறோம். இதுக்குத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் ஞானாம்பாளுக்கு நிலைமை தெளிவாகப் புரிந்தது. இப்போது இரண்டு பேர் அவளைத் தூக்கிக் கரையில் வைத்தால், திங்கட்கிழமை நாகநாதனிடம் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தையும் இருக்காது. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. கைப்பிடியை விடவில்லை.

"நான் இறங்கல. பாப்பா, வண்டியைக் கிளப்பி விடு."

எழில்மொழி பக்கத்தில் வந்து சேற்றில் நின்றாள். "பின்னால எடுத்தா வரப்பு ஒசரம்மா. கவுந்துடும்."

"பின்னால யாரு எடுக்கச் சொன்னா? இதுல உழுத டிராக்டர் எங்க இறங்கி எங்க ஏறிச்சு?"

எழில்மொழி வயலைச் சுற்றிப் பார்த்தாள். தூரத்து மூலையில் வரப்பு சரிவாக மிதிபட்டிருந்தது. அவளும் டிராக்டர் இறங்கிய தடத்திலேயே அறுவடை இயந்திரத்தை இறக்கியவள்தானே. முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"சேறு ஒரு சாண்தான், அடியில கெட்டியா இருக்கும்" என்றாள் ஞானாம்பாள்.

"கெட்டிதாம்மா. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. முறுக்கக் கூடாது, முறுக்கினா சக்கரம் தோண்டிக்கிட்டு உள்ள போயிடும். நடுவுல நிறுத்தவும் கூடாது, நிறுத்தினா உக்காந்துடும். ஒரே அழுத்தமா மூலை வரைக்கும் வாங்க. நான் பக்கத்துலயே நடந்து வரேன்."

"அம்மா, வேணாம்" என்றான் சூர்யா.

"தள்ளி நில்லுடா. சேறு அடிக்கும்."

எழில்மொழி ரிமோட்டை விடுவித்து என்ஜினைக் கிளப்பினாள். ஞானாம்பாள் கட்டைவிரலை மெல்ல வைத்தாள். வண்டி உறுமியது, நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தத் தோன்றியது. அழுத்தவில்லை. பின்சக்கரம் வழுக்கி, அடி மண்ணைத் தேடிப் பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. நடுவயலில் ஒரு பக்கம் தாழ்ந்தபோது கை தானாகப் பிரேக்குக்குப் போனது. "நிக்காதீங்க, நிக்காதீங்க" என்று எழில்மொழி பக்கத்தில் ஓடினாள். ஞானாம்பாள் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். முகமெல்லாம் சேறு. மூலைக்கு வந்து, சரிவில் மூக்கைத் தூக்கி, வண்டி கரையேறி நின்றபோது நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

அவர்களில் மூத்தவள் ஒரு நாற்று முடியைக் கொண்டுவந்து வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டாள். நடவு நேரத்தில் அந்த வழியே போகிறவர்களை அப்படி மறித்து வெற்றிலை பாக்குக்குக் கேட்பது வழக்கம். "பரம்படிச்ச வயலைக் கலக்கிப்புட்டு சும்மா போயிட முடியுமா?" என்றாள். ஞானாம்பாள் சந்தோஷமாகச் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

எழில்மொழி மட்டும் குலவையில் மயங்கவில்லை. கூட்டம் கலைந்ததும் நன்றாகவே திட்டினாள்.

"வண்டில போறப்ப நின்னாப் போதும்மா. அவங்க ஒதுங்கிப் போயிடுவாங்க. இனிமே வரப்பை விட்டு இறங்கவே கூடாது, சொல்லிட்டேன்."

"தப்புதான். ஆனா தலைச்சுமை வரப்ப எப்படிம்மா நிக்கிறது?"

"நிக்கணும்."

"சரி, நிக்கிறேன்" என்றாள் ஞானாம்பாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இதுல ஒரு பழைய வண்டி எனக்குக் குடுப்பீங்களா? நாளைக்கே வேணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழில்மொழி குட்டியானை வேனில் ஒரு வண்டியை ஏற்றிக் கொல்லையில் கொண்டுவந்து இறக்கினாள். ஜாபிர் பாய் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார், பிடித்திருந்தால் விலை பேசி வைத்துக்கொள்ளட்டும் என்று. தூர் வாரிய மண்ணைக் கொட்டி வாய்க்கால் கரை டிராக்டர் போகிற அளவுக்கு அகலமாகியிருந்தது. எழில்மொழி கரை நெடுகிலும் நடந்து பார்த்து, இரண்டு இடத்தில் மண் நெகிழ்ந்திருப்பதைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஞானாம்பாள் கொல்லைப் படியில் நின்று தானே வண்டியில் ஏறிக்கொண்டாள். சூர்யா கூடவே நடக்கப் பார்த்தான்.

"தனியான்னுதானே பேச்சு?" என்றாள் ஞானாம்பாள்.

அவன் நின்றுவிட்டான். வண்டி கரையில் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இந்த வருஷ நடவை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள். இப்போது ஒன்பது மாவும் தூர் கட்டிப் பச்சைப் பசேலென்று எதிரே நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு ஞானாம்பாள் அழுதாள். தேம்பித் தேம்பி, யாரும் பார்க்காத தைரியத்தில் வேண்டுமட்டும் அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, வண்டியில் இருந்தபடியே வயலை ஓரமாகப் பார்த்துக்கொண்டு போனாள். மேற்கு ஓரத்தில் நிறுத்தி, குனிந்து ஒரு குருத்தைப் பிடுங்கினாள்.

திரும்பி வந்து அதை மகன் கையில் வைத்தாள். குழல் மாதிரி உருண்டிருந்தது.

"ஆனைக்கொம்பன். இப்பதான் ஓரத்துல நாலஞ்சு தூர்ல தெரியுது. போன வருஷம் பாதி வயலு போனப்புறம் தெரிஞ்சுது. நாளைக்கு மருந்து அடிச்சா நின்னுடும்."

சூர்யா குருத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "நாகநாதன் அண்ணங்கிட்ட சொல்லிடறேம்மா" என்றான். அன்று சாயங்காலம் ரயிலேறும் முன் சொல்லியும்விட்டான்.

நாகநாதன் அதை நம்பவில்லை. திங்கட்கிழமை காலையில் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு வந்துவிட்டான். வீடு பூட்டியிருந்தது. கொல்லையில் சக்கரத் தடம் வாய்க்கால் கரையைப் பார்த்துப் போயிருந்தது. தட்டை ஏந்திக்கொண்டு அந்த அரை மைலும் நடந்தான். நடந்து பழக்கமில்லாததால் வயலுக்கு வந்து சேரும்போது சட்டை நனைந்திருந்தது. ஞானாம்பாள் வண்டியில் உட்கார்ந்தபடி மருந்தடிக்கும் ஆளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, குத்தகை விஷயமா..." என்று மூச்சு வாங்கினான்.

"நானே உன்னைக் கூப்பிட்டு அனுப்பலாம்னு இருந்தேன். அங்க பாரு." அவனுடைய ஆறு மா பக்கத்தில்தான் கிடந்தது. நெல்லைவிடக் கோரை உயரமாக நின்றது. பூச்சி அதிலிருந்துதான் அவள் வயலின் மேற்கு ஓரத்துக்கு வந்திருந்தது. "இதை நீ கடைசியா எப்ப பாத்த?"

நாகநாதன் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"வயலைப் பாக்காம வெள்ளாமை பண்ண முடியாது தம்பி. தை அறுப்பு ஆனதும் அந்த ஆறு மாவை எனக்குக் குத்தகைக்கு விட்டுடு" என்றாள் ஞானாம்பாள். அவன் பிடித்திருந்த தட்டை அவளே வாங்கிக்கொண்டாள். திருப்பி, அவன் பக்கமாக நீட்டினாள்.

நாகநாதன் கோரையைப் பார்த்தான். பிறகு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டான்.

இந்தப் பருவத்தில் ஞானாம்பாளுக்குப் பதினைந்து மா சாகுபடி.